உள்ளே மட்டும் திறக்கும் வீடு

— கார் வேணாம் தங்கச்சி. கார் இருக்கு.

— சரிக்கா, லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன். ஏசி?

— அதுவும் இருக்கு.

— அப்ப போன். மடிக்கற போன், செத்தவங்களுக்கு அனுப்பறதுல இந்த வருஷம் எங்க கடையில அதுதான் அதிகம் எரியுது. காகிதம்னு தெரிஞ்சும் எடுத்துக் காதுல வைக்கத் தோணும்.

— போன் வேணவே வேணாம்.

— டிவி? இதைப் பாருங்க, நானே வரைஞ்சது. போட்டா இங்க இருக்கற வீடு தெரியும். அவங்க விட்டுட்டுப் போன ஹாலு, சமையக்கட்டு, நீங்கல்லாம் உக்காந்து சாப்பிடறது. இந்தத் தைனான் ஊர்ல வேற எந்தக் காகிதக் கடையிலயும் இது கிடையாது. போனவங்களுக்கு நம்மளைப் பாக்கணும்னு இருக்குமில்ல.

— மூடுங்க அதை.

— அக்கா?

— அந்தப் படத்தை மூடுங்க தங்கச்சி. எங்க வீட்டுக்காரரு பாக்கற மாதிரி எதுவும் வேணாம். பேசற மாதிரியும் வேணாம். கிளம்பி எங்கயாவது போற மாதிரியும் வேணாம்.

— மூடிட்டேன். மன்னிச்சுக்கங்க. ஆ-ஹாய் அண்ணே, அக்காவுக்குப் பூசணி டீ ஒண்ணு எடுத்துக் குடுங்களேன்.

— கை பூராக் கோந்து, டிசைனரம்மா. இந்த மூங்கிலை விட்டா சட்டம் சாஞ்சுடும். நீயே எந்திரி.

— பாத்தீங்களா? நான் வரையறதை எல்லாம் நிக்க வைக்கறவரு இவருதான். அந்த மரியாதைக்கு நான்தான் டீ ஊத்தணும். குடிங்கக்கா. முதல் தடவை வர்றீங்களா?

— இந்த மாதிரி கடைக்கு முதல் தடவை. மாடிப்படியிலயே ரெண்டு தடவை திரும்பிப் பாத்தேன். ரொம்ப நேரம் எடுக்குமா?

— எடுக்காது. உங்க வீட்டுக்காரர் பேரு...

— அப்புறம் சொல்றேனே.

— சரி. பேரு கடைசியில வாசக்கதவுல எழுதறப்ப சொன்னாப் போதும். இப்ப அவரு எப்படிப்பட்டவருன்னு சொல்லுங்க. ஆளு தெரிஞ்சாத்தான் பொருளு தெரியும்.

— எதையும் ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாப்பாரு. என் பையை, சட்டைப் பாக்கெட்டை, குப்பைக் கூடையை. இப்பவும் பாக்கறாரு.

— இப்பவுமா?

— ராத்திரி வர்றாரு. படுக்கை பக்கத்துல நிக்கறாரு. நான் தூங்கற மாதிரி மூச்சு விடறேன். தூங்கறவங்க எப்படி மூச்சு விடுவாங்கன்னு எனக்கு மறந்தே போச்சு தங்கச்சி. இழுத்து விட்டா நடிப்புன்னு கண்டுபிடிச்சுடுவாரோன்னு இருக்கும். இன்னிக்கு யாருகூடப் பேசினேன்னு கேப்பாரு.

— பதில் சொல்லுவீங்களா?

— சொல்லலேன்னா இன்னும் கிட்ட வருவாரு.

— அக்கா, நீங்க 'வர்றாரு, கேக்கறாரு'ன்னு சொல்றீங்க பாருங்க, இங்க வர்ற எல்லாருமே ஆரம்பத்துல அப்படித்தான் பேசுவாங்க. கொஞ்ச நாள் ஆகும். ஒரு அம்மா வந்தாங்க, மாமனார் கனவுல வந்து செருப்பு கடிக்குதுன்னு சொன்னாராம். ஒரு சைஸ் பெருசா ஒட்டி எரிச்சோம். அதோட சரி, அவரு வரல. ஏதோ குறையுதுன்னா கேக்க வருவாங்க. குறையறது என்னன்னு கண்டுபிடிக்கறதுதான் நம்ம வேலை.

— இவருக்கு எதுவும் குறையல.

— அப்ப என் முறையில போவோம். நான் இங்க வர்றதுக்கு முன்னாடி சோத்துக் குக்கர் கம்பெனியில இருந்தேன். அங்க எங்களை ஒரு வெள்ளை ரூம்ல உக்கார வச்சு, கற்பனைக்கு எல்லையே வேணாம், என்ன தோணுதோ சொல்லுங்கன்னுவாங்க. வாயைத் திறந்ததும் செலவு பாக்கறவரு எந்திரிப்பாரு. அப்புறம் கரண்டு பாக்கறவரு. அப்புறம் வக்கீலு. கடைசியில மூடிக்குக் கலர் மாத்திட்டு வீட்டுக்குப் போவோம். இங்க அதெல்லாம் இல்ல. பொருளுக்குக் கனம் கிடையாது, கரண்டு கிடையாது, அது உடைஞ்சா யாரும் கேஸ் போட மாட்டாங்க. எரியணும். அது ஒண்ணுதான் நிபந்தனை.

— எரியற வரைக்கும் நிக்கவும் நிக்கணும், டிசைனரம்மா.

— அண்ணே, முடியாதுன்னா சொல்றீங்க?

— நிக்கணும்னு சொன்னேன். முடியாதுன்னு நான் சொல்லவே இல்ல.

— இங்க யாரு 'முடியாது'ன்னு சொன்னாலும் அந்த ஜாடியிலேர்ந்து உப்புல ஊறின பிளம் பழம் ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்கணும் அக்கா. நான் வச்ச சட்டம்.

— இவ சட்டத்தால எனக்கு நாக்கு செத்துப் போச்சும்மா. போன மாசம் ஒரு தாத்தாவுக்கு, உள்ள கடல் இருக்கற பெட்டி வேணும்னா. கடலுக்கு எங்க மூங்கில் வைக்கறதுன்னு கேட்டேன். அதுக்கும் ஒரு பிளம்.

— அந்தத் தாத்தா மீன்காரரு. பெட்டி எரியறப்ப உப்புக் காத்து அடிச்சுதுன்னு அவரு மகளே சொன்னாங்க. சரி அக்கா, ஆரம்பிப்போமா? நான் ஒண்ணு ஒண்ணா வீசறேன். பிடிக்கலேன்னா தள்ளிடுங்க. சும்மா வச்சுக்குவோம், நிழல் குடுக்கற விளக்கு. போட்டா வெளிச்சம் குறையும்.

— அவருக்கு வெளிச்சம் வேணும். எல்லா லைட்டையும் போட்டுட்டுத்தான் தேடுவாரு.

— என்ன தேடுவாரு?

— நான் ஒளிச்சு வச்சதை.

— நீங்க என்ன ஒளிச்சு வச்சீங்க?

— ஒண்ணும் இல்ல. அதான் அவருக்குக் கிடைக்கவே மாட்டேங்குது.

— சரி. உக்காந்தா எந்திரிக்கத் தோணாத நாற்காலின்னு வச்சுக்குவோம்.

— உக்கார மாட்டாரு.

— எவ்வளவு குடிச்சாலும் குறையாத பாட்டில்?

— குடிக்க மாட்டாரு. எல்லாரும் என்கிட்ட அதைத்தான் சொல்லுவாங்க. குடிக்காத மனுஷன், கை ஓங்காத மனுஷன், நீ குடுத்து வச்சவன்னு. நிஜந்தான், கை ஓங்கினதே இல்ல. கதவைத் திறப்பாரு, அவ்வளவுதான். நான் எந்த ரூம்ல இருந்தாலும் அந்தக் கதவைத் திறந்து பாத்துட்டு, மூடாமப் போவாரு. குளிக்கற ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிட்டாரு. முடி வெட்டற கடை ஒண்ணு வச்சிருந்தேன் தங்கச்சி, சின்னக் கடை. அங்க கண்ணாடி வாசல். எதிர்ல டீக்கடையில உக்காந்து நாள் பூராப் பாத்துக்கிட்டு இருப்பாரு. ஒரு நாள் நானே மூடிட்டேன். யாரும் மூடச் சொல்லல. மூடினப்ப எனக்குச் சந்தோஷமாக்கூட இருந்தது. ஒரு கதவு குறைஞ்சுதேன்னு.

— டீயைக் குடிங்க அக்கா.

— குடிக்கறேன். நீங்க வீசுங்க, நிறுத்தாதீங்க. நல்லா இருக்கு கேக்க.

— வேணாம், அவரையே கேட்டுடுவோம். அதோ, நிலத்துச் சாமி முன்னாடி பிறை மாதிரி ரெண்டு கட்டை இருக்கு, எடுங்க. மனசுக்குள்ள அவரு பேரு, விலாசம் சொல்லிட்டுப் போடுங்க, அது விழற விதந்தான் அவரு பதில்.

— விலாசம்னா எது?

— அவரு இருக்கற இடம். கல்லறைத் தோட்டம்னா அது. வீட்டுலயே பேர்ப்பலகை வச்சுக் கும்பிடறீங்கன்னா வீட்டு விலாசம்.

— வீட்டு விலாசந்தான்.

— முதல்ல நாற்காலி வேணுமான்னு கேளுங்க.

— போட்டுட்டேன்.

— ரெண்டும் மல்லாந்து கிடக்கு. சிரிக்கறாரு. பதில் இல்லைன்னு அர்த்தம். விளக்கைக் கேளுங்க.

— திரும்பவும் மல்லாந்துதான்.

— பாட்டில்?

— மல்லாந்து.

— மூணு தடவையும் சிரிப்பா? அண்ணே, இப்படிப் பாத்திருக்கீங்களா?

— நாம யாரைக் கேக்கறோமோ அந்த ஆளு அந்தப் பக்கம் இல்லேன்னா அப்படி விழும். விலாசம் தப்பா இருக்கும்மா.

— விலாசம் சரிதான் அண்ணே. எனக்கு நல்லாத் தெரியும், எங்க இருக்காருன்னு.

— விடுங்க. நான்தான் தப்பாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். அவருக்கு என்ன வேணும்னே சுத்தி வர்றேன். அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?

— எனக்கா? எனக்கு எதுக்கு? நான் அங்க போகலையே.

— சும்மா வச்சுக்குவோம். முடியாதுங்கற பேச்சே உலகத்துல இல்ல. என்ன கேப்பீங்க?

— அவரு வரக்கூடாது.

— ம்.

— அவ்வளவுதான். செத்துப் போகணும்னு... இல்ல, கஷ்டப்படணும்னு நான் நினைக்கல தங்கச்சி. நல்லா இருக்கட்டும். என்னவிட நல்லாவே இருக்கட்டும். ஆனா அவரு இருக்கற இடம் ஒண்ணு, நான் இருக்கற இடம் ஒண்ணுன்னு இருக்கணும். நடுவுல கதவு இருக்கக் கூடாது. உங்களுக்குப் புரியுதா? லிஃப்ட் நிக்கற சத்தம் கேட்டா எனக்கு வயிறு சுருங்கும். நம்ம மாடி இல்லேன்னு தெரிஞ்சதும் விரியும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வீட்டுல லிஃப்ட் நிக்கும்? எல்லாத்துக்கும் சுருங்கிச் சுருங்கி, உள்ள நான்னு ஒருத்தி இருக்கேனா, வெறும் காது மட்டும் இருக்கான்னே தெரியல.

— வரைய ஆரம்பிச்சுட்டேன். பேசிக்கிட்டே இருங்க.

— என்ன வரையறீங்க?

— வீடு. மூணு மாடி. பூராக் கதவு. நூறு கதவு வச்சுக்குவோம். ஆனா ஒரு கதவு திறந்தா இன்னொரு ரூம், அதுல கதவு திறந்தா இன்னொரு ரூம். எந்தக் கதவும் வெளியில திறக்காது. வாசக்கதவு ஒண்ணுதான் வெளிப்பக்கம். அது உள்ள தள்ளித் திறக்கும். உள்பக்கம் கைப்பிடி கிடையாது.

— அவரு கண்டுபிடிச்சுடுவாரு. வாசல்லயே நின்னு பாப்பாரு.

— உள்ள போகத் தோணணும். எதுக்காக உள்ள போவாரு?

— என்னைத் தேடி.

— அப்ப முதல் ரூம்ல நீங்க இல்ல. ஆனா இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்கீங்க. நாற்காலி கொஞ்சம் திரும்பியிருக்கு.

— டீக் கப்பு இருக்கணும். பாதி குடிச்சது. சூடு ஆறாம.

— ஆறவே ஆறாது. எத்தனை வருஷம் ஆனாலும். அடுத்த ரூம்ல?

— ரெண்டாவது கப்பு. அதைப் பாத்தா யாரு வந்தாங்கன்னு கேக்கத் தோணும் அவருக்கு. நிக்கவே மாட்டாரு அப்புறம்.

— அக்கா, இது பிரமாதம். மூணாவது ரூம்ல அணையாத லைட்டு. நாலாவதுல கதவு அப்பத்தான் சாத்தின சத்தம்.

— சத்தத்தைக் காகிதத்துல எப்படி ஒட்டறது? முடி... இல்ல, நான் ஒண்ணும் சொல்லல.

— முடியாதுன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு அண்ணனுக்கு. பாதிப் பிளம்.

— பிளம் தின்னுடறேன், டிசைனரம்மா, பத்து வேணாலும் தின்னறேன். ஆனா இது வீடு இல்ல, பொறி. போனவங்க சொகமா இருக்கட்டும்னுதான் நான் மூங்கில் கட்டறேன்.

— அவரு சொகமாத்தான் இருப்பாரு அண்ணே. தேடறதுதான் அவருக்கு சொகம். நான் கண்ணு முன்னாடி இருந்தப்பகூட என்னைப் பாத்ததில்ல, தேடினதுதான். கிடைச்சிருந்தா என்ன பண்ணியிருப்பாருன்னு அவருக்கே தெரியாது.

— ஒரு நிமிஷம். பேனா தானாப் போகுது. ரொம்ப நாள் ஆச்சு எனக்கு இப்படி ஆகி. பயமாவும் இருக்கு, நிறுத்தவும் தோணல. படுக்கை ரூம்?

— படுக்கையில குழி விழுந்திருக்கணும், ஒரு ஆளு படுத்த மாதிரி. தலையணையில என் முடி. இந்தாங்க, சீப்பு கையிலயே இருக்கு, சிக்கின முடியை எடுத்துக்கங்க.

— ஐயோ, அதை உள்ள வைங்க அக்கா. அது மட்டும் ஆகாது.

— இங்கதான் எதுவும் ஆகும்னீங்களே.

— டிசைனரம்மா சொல்ல மாட்டா, நான் சொல்றேன். கடலு கேளுங்க, சத்தம் கேளுங்க, மண்டையை உடைச்சாவது கட்டித் தர்றேன். உசுரோட இருக்கறவங்க முடி, நகம், போட்டோ, பேரு, இதுல எதுவும் எரியற வீட்டுக்குள்ள போகக் கூடாது. போச்சுன்னா அந்த வீடு அவங்களுக்கும் சொந்தம். சொந்தக்காரங்களைக் கூப்பிட வீட்டுக்கு ரொம்ப நாள் ஆகாது.

— அப்படி நடந்திருக்கா அண்ணே?

— நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். நான் அதுக்கு மேல கேட்டுக்கல.

— பயமுறுத்தாதீங்க அண்ணே. கறுப்பு நூல்ல முடி செஞ்சு ஒட்டிடறேன் அக்கா. உங்க முடி மாதிரியே இருக்கும்.

— எவ்வளவு நாள்ல கூப்பிடும்?

— எது?

— வீடு. உசுரோட இருக்கறவங்களை.

— அக்கா, சீப்பை உள்ள வச்சாச்சுல்ல? உங்களை எதுவும் கூப்பிடாது. பையை மூடுங்க. நான் பொறுப்பு.

— ம். மூடிட்டேன்.

— இப்ப இதுக்கு அவரு சம்மதம் வேணும். அதுதான் சிக்கல். பொறின்னு சொல்லிக் கேக்க முடியாது.

— முடியாதுன்னுட்டா. ஜாடி அந்தப் பக்கம்.

— தின்னுடறேன் அண்ணே, தாங்க. அக்கா, இப்படிக் கேளுங்க. நூறு கதவு இருக்கற வீடு, எல்லாக் கதவும் திறக்கலாம், நான் அடுத்த ரூம்லதான் இருப்பேன், வர்றீங்களான்னு. பொய் ஒண்ணும் இல்ல அதுல.

— கேட்டுட்டேன். இருங்க... போட்டுட்டேன்.

— ஒண்ணு குப்புற, ஒண்ணு மல்லாந்து. சம்மதம்.

— சம்மதமா?

— சம்மதம் அக்கா. மூணு தடவை தொடர்ந்து விழணும். போடுங்க.

— ஒண்ணு குப்புற.

— ஒண்ணு மல்லாந்து. இன்னொண்ணு. மெதுவா.

— பாருங்க தங்கச்சி. நான் பாக்கல. நீங்க சொல்லுங்க.

— மூணாவதும் சம்மதம். இவ்வளவு ஆசையா ஒத்துக்கிட்டு நான் பாத்ததில்ல. அண்ணே, ஃபேனை ஏன் நிறுத்தினீங்க?

— ரெண்டு கையும் கோந்துல இருக்கு, நான் எங்க நிறுத்தறது? ஓடிக்கிட்டுதான் இருக்கு. காத்துதான் வரல.

— அழறீங்களா அக்கா?

— இல்ல. வயிறு விரியுது. இப்படி இருக்கும்னு மறந்தே போயிருந்தேன்.

— அழுங்க, பரவாயில்ல. இந்த நாற்காலியில எல்லாரும் அழுதிருக்காங்க. கேளுங்க, ஏழாம் மாசம் பொறந்தா அந்தப் பக்கத்துக் கதவெல்லாம் திறந்துடும், போனவங்க எல்லாரும் வெளிய வந்துடுவாங்க. அதுக்கு முன்னாடியே நாம இதை எரிச்சுடணும். அண்ணே, இருபதாம் தேதிக்குள்ள கட்டிடலாமா?

— கட்டிடலாம். எனக்குப் பிடிக்கல, ஆனா கட்டிடலாம். மூணு தடவையும் சம்மதம் விழுந்தாச்சு, நான் யாரு குறுக்க நிக்க?

— இருபது காலையில இங்க கீழ பின்வாசல்லயே எரிச்சுடலாம் அக்கா. நீங்க வரணும்னு இல்ல.

— வருவேன்.

— சரி. இப்ப வாசக்கதவு. தங்கக் காகிதத்துல நான் எழுதி ஒட்டிடுவேன், அதுல இருக்கற பேருக்குத்தான் வீடு போகும். எழுத்துல ஒரு கோடு மாறினாக்கூட வேற ஆளு குடியேறிடுவான். பொறுமையாச் சொல்லுங்க.

— தெங். தெங் வெய்-ஹுங். வெய்னா 'உசந்த மலை'ன்னு அர்த்தம் வர்ற எழுத்து. ஹுங்னா 'பெரிய வெள்ளம்' ஹுங்.

— தெங் வெய்-ஹுங். எழுதிட்டேன். பொறந்த வருஷம்?

— குதிரை வருஷம். ஒம்பதாம் மாசம் பொறந்தவரு.

— இறந்த தேதி?

— அதையும் எழுதணுமா?

— கட்டாயம். அது இல்லேன்னா வீட்டுக்கு யாரை உள்ள விடறதுன்னு தெரியாது.

— இருபதாம் தேதின்னு எழுதுங்க.

— எந்த மாசம்?

— இந்த மாசம்.

— இல்லக்கா, இருபது நாம எரிக்கப் போற தேதி. நான் கேக்கறது அவரு இறந்த தேதி.

— அதைத்தான் தங்கச்சி நானும் சொல்றேன். சீக்கிரம் எழுதிடுங்க, செத்துப்போன அவரோட அம்மாவுக்குக் காகித வீடு சொல்லத்தான் வந்திருக்கேன்னு நினைச்சுக்கிட்டுக் கீழ கார்ல உக்காந்திருக்காரு. இன்னும் நேரமானா கதவைத் திறந்துக்கிட்டு மேல வந்துடுவாரு.